எந்தப் பெயரில் எழுதட்டும் என்று கேளுங்கள்

மாசி பிறந்துவிட்டால் கெலமங்கலம் வட்டாரத்தில் ராத்திரிகளுக்குத் தூக்கம் கிடையாது. ஒரு ஊரில் பாரதக் கூத்து, பக்கத்து ஊரில் ஆர்கெஸ்ட்ரா, அதற்கடுத்த ஊரில் பம்பையும் கரகமும். ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, சூளகிரி என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் எங்காவது ஒரு மேடை கண்ணில் படும். இவற்றைப் பற்றி எழுதவும் படம் பிடிக்கவும் இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். கல்லூரியில் படிப்பவர்கள், பத்திரிகைக்குப் பகுதிநேரமாகச் செய்தி தருபவர்கள், போனையும் மைக்கையும் வைத்துக்கொண்டு காணொளி போடுபவர்கள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. நெடுங்காலம் யாரும் எழுதாமல் விட்ட மனிதர்கள் இந்தக் கலைஞர்கள். ஆனால் எழுத வருகிறவர்களிடம் உள்ள ஆர்வத்தின் அளவுக்குக் கவனம் இல்லை. அதனால்தான் இந்த அறிவுரைகள்.

1. “உங்கள் பெயர் என்ன?” என்று கேட்காதீர்கள். “எந்தப் பெயரில் எழுதட்டும்?” என்று கேளுங்கள். நமது எல்லைப் பகுதியில் ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பெயர்கள் இருப்பது சாதாரணம். வீட்டில் தெலுங்கில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் ஒன்று, வேஷம் கட்டக் கற்றுக்கொடுத்த வாத்தியார் வைத்தது ஒன்று, கர்நாடகத்து ஆனேக்கல் பக்கம் கச்சேரிக்குப் போனால் அங்கே கூப்பிடுவது இன்னொன்று. இதில் எது ஊர் அறிய வேண்டிய பெயர் என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்.

கன்னடத் திரையுலகின் ராஜ்குமார், இன்று ஈரோடு மாவட்டத்தில் இருக்கும் காஜனூரைச் சேர்ந்தவர். வீட்டில் அவர் முத்துராஜ். 1954இல் வந்த ‘பேடர கண்ணப்பா’ படத்தோடு ராஜ்குமார் ஆனார். சிவாஜி ராவ் என்ற பெங்களூர் கண்டக்டருக்கு கே. பாலசந்தர் ரஜினிகாந்த் என்று பெயர் வைத்தார். அந்தக் குடும்பத்தின் பூர்வீக ஊர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து நாச்சிக்குப்பம். இவர்களுடைய பழைய பெயர் எல்லோருக்கும் தெரியும், அதனால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை. நம்மூர் ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிற பெண்ணுக்கோ, திரௌபதி வேஷம் கட்டுகிற பையனுக்கோ அந்த நிலைமை இல்லை. பெரிய நடிகரைப் பற்றி எழுதும் பழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவராதீர்கள்.

2. மேடைப்பெயரை முழுசாகப் போடுங்கள். அந்தரங்கத்தைக் காக்கிறேன் என்ற பெயரில் கலைஞரைப் பெயரில்லாதவராக ஆக்கிவிடாதீர்கள். நம் பத்திரிகைகளில் விழாச் செய்தியைப் பாருங்கள். கொடியேற்றியவர் பெயர் இருக்கும், பொன்னாடை போர்த்தியவர் பெயர் இருக்கும், அன்னதானம் போட்டவர் பெயர் இருக்கும். விடிய விடிய ஆடியவர்கள் மட்டும் ‘கலைக்குழுவினர்’. படத்துக்குக் கீழே ‘கூத்துக் கலைஞர்கள்’ என்று ஒரு வரி. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. துரியோதனனாக வந்து படுகளத்தில் விழுந்தவருக்குப் பெயர் இல்லையா? பின்பாட்டுக்காரருக்கும் முகவீணைக்காரருக்கும் பெயர் இல்லையா?

தமிழ்க் கலைஞர்களின் பெயரே அவர்களுடைய வரலாறு. பரவை முனியம்மாவும் கொல்லங்குடி கருப்பாயியும் புஷ்பவனம் குப்புசாமியும் தங்கள் ஊரைப் பெயரோடு தூக்கிக்கொண்டு போனார்கள். புரிசை என்கிற கிராமத்தைக் கூத்து தெரிந்த எல்லோரும் அறிந்திருக்கிறார்கள் என்றால் கண்ணப்பத் தம்பிரான் பெயரால்தான். ஔவையார் வேஷம் போட்ட டி.கே. சண்முகம், ஔவை சண்முகம் ஆனார். நவாப் வேஷத்தில் பேர் வாங்கிய ராஜமாணிக்கம் கடைசிவரை நவாப் ராஜமாணிக்கம்தான். அண்ணாதுரை எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்த கணேசனுக்குப் பெரியார் கொடுத்த பெயர் சிவாஜி. எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலைப்பெழுத்தில் முதலாவது மதுரை, இரண்டாவது தாய் சண்முகவடிவு. அப்பா பெயரைத்தான் தலைப்பெழுத்தாகப் போட வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை.

இப்படிப்பட்ட பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘உண்மைப் பெயர்’ என்று ஒன்றைப் போடுவது அந்தக் கலைஞரைப் பொய்யர் ஆக்குவது. அந்த அடைப்புக்குறி வேண்டவே வேண்டாம்.

3. பகல் வேலையைத் தொடாதீர்கள். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இந்த வட்டாரத்துக் கலைஞர்களின் வாழ்க்கையே மாறிவிட்டது. விவசாயக் கூலியாக இருந்துகொண்டு கூத்தாடியவரின் மகன் இன்று ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டே கூத்தாடுகிறார். இரவு வேலை முடித்து நேராக ஒப்பனைக் கொட்டகைக்கு வருபவர்களும் உண்டு, விடியற்காலையில் அரிதாரத்தைக் கலைத்துவிட்டுக் கம்பெனி பஸ் ஏறுபவர்களும் உண்டு. எழுதுகிறவருக்கு இது ருசியான விஷயம், தெரியும். ஆனால் பெரும்பாலானோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். உடம்பு சரியில்லை என்று லீவு எடுத்துவிட்டு ஆடப் போனார் என்று ஒரு சூப்பர்வைசர் உங்கள் கட்டுரையைக் காட்டிக் கேட்டால், அடுத்த மாதம் அவருக்கு வேலை இருக்காது. கம்பெனி பெயர், பிரிவு, ஷிப்ட் நேரம், சீருடையில் எடுத்த படம், கழுத்தில் தொங்கும் அட்டை எதுவும் வேண்டாம். ‘பகலில் ஆலை வேலை’ என்றாலே போதும், அதுவும் அவர் சம்மதித்தால்.

4. பெண் கலைஞர்களைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது. கரகம் ஆடுகிறவர், ஆடல் பாடல் மேடைக்கு வருகிறவர், ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறவர், யாராக இருந்தாலும் ஊர் ரசிக்கும், மறுநாள் காலையில் அதே ஊர் ஏசும். சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியல் அறிஞர் மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடக நடிகைகளோடு பழகி, தமிழ் மேடைமீது சுமத்தப்பட்ட இழிவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 2005இல் வந்தது. ராத்திரி நாடகத்துக்குக் கிளம்பும் நடிகை, தன் தெருவையும் பஸ் நிலையத்தையும் கடக்கும்போது தான் நடிகை என்று காட்டிக்கொள்ளாமல் போவதற்கு எவ்வளவு பாடுபடுகிறாள் என்பதை அதில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். மேடையில் ஆயிரம் பேர் பார்க்க நிற்பவள் தெருவில் யார் கண்ணிலும் படாமல் நடக்க விரும்புகிறாள். இரண்டும் அவள் உரிமை. மேடையில் நின்றதாலேயே தெருவும் வீடும் உங்களுக்குத் திறந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

கல்யாணம் ஆகிவிட்டதா, கணவர் சம்மதிக்கிறாரா, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். ஆண் கலைஞரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொன்னதெல்லாம் எழுதுவதற்காகச் சொன்னது அல்ல. இருபது வயதில் ஆடியவருக்கு நாற்பது வயதில் மகளைப் பெண் கேட்டு வருவார்கள், மருமகள் வருவாள். அன்றைக்கும் உங்கள் காணொளி இருக்கும். காகிதத்தில் வந்தது பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும். போனில் போட்டதை நீங்கள் அழித்தாலும் வேறு யாரிடமோ இருந்துகொண்டே இருக்கும்.

ஒப்பனைக் கொட்டகைக்குள் படம் எடுக்கவே கூடாது. இதில் விதிவிலக்குத் தேடாதீர்கள்.

5. திருநங்கைக் கலைஞர்களின் பழைய பெயரை எழுதாதீர்கள். கேட்காதீர்கள், வேறு யாராவது சொன்னால் குறித்துக்கொள்ளவும் வேண்டாம். பரதநாட்டியத்தில் பத்மஸ்ரீ வாங்கிய நர்த்தகி நடராஜுக்கு ‘நர்த்தகி’ என்ற பெயரைக் கொடுத்தவர் அவருடைய குரு தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளை. குரு கொடுத்து, உலகம் ஏற்றுக்கொண்ட பெயர் அது. கெலமங்கலத்துத் திருவிழாவில் ஆட வருகிறவரின் பெயருக்கும் அதே மரியாதை உண்டு. ஒருவருடைய பாலினத்தை அவரே தீர்மானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்துவிட்டது. பழைய பெயரை வெளியிட்டால் பிறந்த ஊர், அண்ணன் தம்பி, சொத்துத் தகராறு என்று எல்லாம் அவர் வாசலுக்குத் திரும்பி வரும்.

6. பெயரை மறைத்துவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். புதிதாக எழுதுகிறவர்கள் மிகவும் சறுக்குகிற இடம் இதுதான். சென்னையில் ‘ஒரு பாடகி’ என்றால் ஆயிரம் பேர். இங்கே ‘ராயக்கோட்டை ரோட்டில் பூக்கடை வைத்திருக்கும், ஆர்கெஸ்ட்ராவில் பழைய ஜானகி பாட்டு மட்டும் பாடும் விதவைப் பெண்’ என்று எழுதினால் ஒரே ஒருத்திதான் இருப்பாள். (இப்படி ஒருவர் இருக்கிறார் என்று தேட வேண்டாம், உதாரணத்துக்குச் சொன்னேன்.) தெரு, கோயில், தொழில், சொந்தம், செட்டின் (குழுவின்) பெயர், கூட ஆடுபவர், எந்த வருஷம் எந்தத் திருவிழா என்று எல்லாமே அடையாளம்தான். எழுதி முடித்ததும் அவருடைய எதிர்வீட்டுக்காரர் இதைப் படித்தால் கண்டுபிடிப்பாரா என்று யோசியுங்கள். கண்டுபிடிப்பார் என்றால் இன்னும் இரண்டு தகவலை எடுங்கள்.

எடுத்துவிட்ட இடத்தில் கற்பனையாக ஒன்றைச் செருகாதீர்கள். ஊரை மாற்றி, வயதை மாற்றி, தொழிலை மாற்றி எழுதினால் அது கட்டுரை அல்ல, கதை. தகவலை விட்டுவிட்டு, ‘அவர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தரவில்லை’ என்று வாசகரிடம் நேராகச் சொல்லுங்கள். மாற்றுப் பெயர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அந்தப் பெயரில் அதே ஊரில், அதே கலையில் வேறு யாரும் இல்லை என்று விசாரித்துவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஒருத்தியைக் காப்பாற்றப் போய் இன்னொருத்தியை மாட்டிவிடுவீர்கள்.

7. கையில் இருக்கும் வாத்தியத்தைப் பார்த்துச் சாதியை ஊகித்து எழுதாதீர்கள். பறையும் பம்பையும் யார் யார் வாசித்தார்கள், ஏன் வாசிக்க வைக்கப்பட்டார்கள் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டிய சரித்திரம்தான், மறுக்கவில்லை. அதைத் தம் வாயால் சொல்ல விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், பெருமையோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை முழுசாக எழுதுங்கள். ஓசூரில் வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கும் ஒரு இளைஞன் சொல்லாமல் விட்டதை நீங்கள் சொல்லாதீர்கள்.

8. இப்போது சட்டம். இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் எழுத வராதீர்கள். நாட்டுக்கே வழிகாட்டிய வழக்கு தமிழ்நாட்டிலிருந்துதான் போனது. கொலைக் குற்றத்துக்காகச் சேலம் சிறையில் 1995இல் தூக்கிலிடப்பட்ட ஆட்டோ சங்கர், அதற்கு முன் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது. அதில் சில அதிகாரிகளின் தொடர்புகள் இருப்பதாகச் சொல்லப்பட்டதால் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வந்தது. அரசோ அதிகாரிகளோ வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். பத்திரிகைக்கு அது பெரிய வெற்றி.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பாதி இருக்கிறது, நம் ஆட்கள் அதைப் படிப்பதில்லை. ஒருவருடைய குடும்பம், கல்யாணம், தாய்மை, பிள்ளைப்பேறு, படிப்பு பற்றியெல்லாம் அவர் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிடக் கூடாது. எழுதியது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது பொருட்டல்ல என்று நீதிமன்றம் சொன்னது. கவனியுங்கள், புகழ்ச்சியாக இருந்தாலும் கூடாது. ‘நல்லதாகத்தானே எழுதினேன்’ என்ற சமாதானம் செல்லாது. நீதிமன்றப் பதிவு போன்ற பொது ஆவணத்தில் இருப்பதை எழுதலாம். அரசு அதிகாரி தன் பதவி சம்பந்தமாகச் செய்ததை எழுதலாம். பொது ஆவணத்திலேயே இருந்தாலும் பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதிப்படுத்திவிட்டார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் இரண்டு வருஷம் வரை சிறை.

இதை நம் மேடைக்குக் கொண்டுவந்து பாருங்கள். மேடையில் நடந்தது பொது விஷயம். பாட்டு சுருதி சேரவில்லை, கோமாளியின் பேச்சு ஆபாசமாக இருந்தது, கர்ணன் வசனத்தை மறந்தார் என்று தாராளமாக எழுதுங்கள், விமர்சனம் இல்லாமல் கலை வளராது. மேடையை விட்டு இறங்கிய பிறகு நடப்பது அவருடையது.

ஆடல் பாடலில் தகராறு, போலீஸ் வழக்கு என்று செய்தி வரும். அப்போது ஆட வந்த பெண்களின் பெயரையும் ஊரையும் போட்டு, முகம் தெரியும் படத்தையும் போடுவார்கள். அனுமதி வாங்காமல் நிகழ்ச்சி வைத்தவர், முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தவர், இப்படித்தான் ஆட வேண்டும் என்று சொன்னவர், இவர்களெல்லாம் ‘விழாக் குழுவினர்’ என்று தப்பித்துவிடுவார்கள். என் முடிவு இதற்கு நேர் எதிரானது. பொறுப்பில் இருந்தவரைக் கேட்டு, உறுதி செய்து, பெயரோடு எழுதுங்கள். கூலிக்கு ஆட வந்தவரை விட்டுவிடுங்கள்.

9. பதினெட்டு வயது ஆகாதவர்களைப் பற்றி எழுதினால் பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அம்மா அப்பா இருவரிடமும் கேளுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளை என்றால் பெயர், படம், முகவரி எதையும் வெளியிட இளைஞர் நீதிச் சட்டமும் போக்சோ சட்டமும் இடம் தருவதில்லை.

10. இறந்தவரைப் பற்றி எழுதும்போது இன்னும் நிதானம் வேண்டும். ஒரு கலைஞர் போனதும் ‘குடியால் அழிந்தார்’ என்று எழுதிவிடுவது நம்மவர்களுக்குச் சுலபமாகிவிட்டது. அவருடைய மருத்துவச் சீட்டை உங்களிடம் யார் கொடுத்தார்கள்? அவர் என்னென்ன வேஷம் கட்டினார், யாரிடம் கற்றார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார், எந்த ராகத்தில் விருத்தம் பாடினால் ஊர் எழுந்து உட்கார்ந்தது என்று எழுதுங்கள். வறுமையை எழுதலாம், எழுதவும் வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிவு இருந்ததா, உதவி வந்து சேர்ந்ததா, கூத்து நடத்தியவர்கள் பாக்கி வைத்தார்களா என்று விசாரித்து எழுதினால், இருப்பவர்களுக்காவது பயன்படும். குடும்பத்தைக் கேட்காமல் நோயின் பெயரை மட்டும் எழுதாதீர்கள்.

11. சம்மதம் ஒரு தடவை வாங்கினால் போதாது. பேட்டி எடுக்கும்போது உற்சாகத்தில் ‘எல்லாம் போடுங்க சார்’ என்பார்கள். எழுதி முடித்த பிறகு முழுவதையும் படித்துக் காட்டுங்கள். இந்தப் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர் எல்லோரும் தமிழ் படிப்பவர்கள் இல்லை. தெலுங்கிலோ கன்னடத்திலோ படித்தவர்களும் படிக்காதவர்களும் இருக்கிறார்கள். போனில் படித்துக் காட்டுங்கள், புரியாத இடத்தை அவர் மொழியில் சொல்லுங்கள். ஒரு வரியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், அது கட்டுரையின் மிக அழகான வரியாக இருந்தாலும். மேடைக் கலையைப் பற்றிய உங்கள் விமர்சனத்தை மாற்றச் சொன்னால் மட்டும் மரியாதையாக மறுத்துவிடலாம்.

வீட்டுப் பெயர், போன் நம்பர், முகவரி ஆகியவற்றைத் தனி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டு வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் ‘அந்தத் திரௌபதி நம்பர் இருக்கா?’ என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாதீர்கள். பெண் கலைஞரின் நம்பரைக் கட்டுரையில் போடவே போடாதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு யார் யார் கூப்பிடுவார்கள் என்று எந்தக் கலைஞரைக் கேட்டாலும் சொல்வார். நிகழ்ச்சிக்கு ஆள் கூப்பிட வேண்டுமே என்றால், செட்டு வாத்தியாரிடமோ ஆர்கெஸ்ட்ரா நடத்துபவரிடமோ கேட்டுக்கொண்டு அவர் நம்பரைப் போடலாம்.

12. கட்டுரை வெளியானதும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு போய்க் கலைஞரின் கையில் கொடுங்கள். அவர் வீட்டுக்குப் போகலாமா, மேடைக்கு வந்து கொடுக்கட்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.